மீன் காட்டும் பெட்டி

ஆறு நாளும் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன் நான். ஏழாவது நாள் தோட்ட மேனேஜர் துரைக்கு அணையில் தோணி தள்ளுகிறேன். அவருக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தது, எனக்குத் துடுப்புப் போடத் தெரிந்திருந்தது. என் கெட்ட நேரம், அவ்வளவுதான்.

என் மனைவி அன்னாளுக்கும் ஞாயிறு ஒன்றுதான் லீவு. மற்ற நாட்களில் விடியுமுன் கொழுந்து கிள்ள மலையேறிவிடுவாள். மாலையில் இரண்டு பேரும் பேசத் தெம்பில்லாமல் சாப்பிட்டுப் படுப்போம். கலியாணமான நாலு வருஷத்தில் அவளோடு பகலில் உட்கார்ந்து சோறு தின்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"ஒரு ஞாயித்துக்கிழமையாவது மத்தியானச் சோத்துக்கு வந்து சேருங்க," என்றாள்.

"தொரைக்கு மீன் சிக்கணும்லா," என்றேன்.

நாலு மீன் கிடைத்ததும் போய்விடலாம் என்று துரை வாராவாரம் சொல்வார். அந்த நாலு கிடைக்கவே பொழுது சாய்ந்துவிடும்.

இந்த எழுபத்தைந்தாம் வருஷம் கொச்சியிலிருந்து அவருடைய சிநேகிதர் இரண்டு வெளிநாட்டுப் பெட்டிகளை அனுப்பினார். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, அது முட்டித் திரும்புவதை வைத்து, மீன் எத்தனை அடியில் நிற்கிறதென்று காட்டுமாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் ஞாயிறு சின்னப் பெட்டியைச் சோதித்தோம். டார்ச் செல்லில் ஓடும், ஒரு கையில் தூக்கிவிடலாம். சிவப்பு வெளிச்சம் மின்னிக் காட்ட வேண்டும். வெயில் ஏறியதும் ஒன்றும் தெரியவில்லை. துரை தலையில் துண்டைப் போர்த்திக் குனிந்து குனிந்து பார்த்தார். சாயங்காலம் வரை இரண்டே கெண்டை.

அடுத்த ஞாயிறு பெரிய பெட்டி. அது காகிதத்தில் கோடு கிழித்துக் காட்டியது. அரைமணி நேரத்தில் மீன் கூட்டத்தின் மேலேயே போய் நின்றோம். நாலு மீன் ஏறியது, மழையும் பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கு நான் வீட்டில். அன்னாள் நம்பாமல் பார்த்தாள். அன்று சேர்ந்து சாப்பிட்டோம். மழையை மறந்துவிட்டுப் பெட்டியை வாழ்த்தினேன்.

ஒரே தொல்லை, அதற்குக் கார் பேட்டரி வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அணைத் தண்ணீர் வரை ஒரு மைல். திரும்பும்போது முழுக்க ஏற்றம்.

"தூக்கப் போறவன் நீ. எது வேணும்னு நீயே சொல்லு," என்றார் துரை.

பதினைந்து வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. என் தோள் சின்னதைத்தான் கேட்டது.

"பெரிசுதாங்க தொரை நல்லது," என்றேன்.

மறு ஞாயிறு எட்டு மணிக்குள் நாலு மீன் ஏறிவிட்டது. தோணியைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

"எங்க திருப்புற? இப்பத்தான மீன் இருக்கிற இடமே தெரியுது," என்றார்.

சாயங்காலம் தோணியில் கால் வைக்க இடமில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர் மேல் இல்லை, என் மேலேயே. பேட்டரியை ஜீப்பில் வைத்துவிட்டு, மறுபடி இறங்கி மீனைச் சுமந்து வந்தேன். பங்களா சமையல்காரர் ஏசுதாஸ் கூடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இம்புட்டையும் ஒத்தை ஆளா எப்படிங்க கழுவுறது?"

"இவன் பொண்டாட்டி சும்மாதான இருக்கா, வரச் சொல்லு. இனி வாராவாரம் வரட்டும்," என்றார் துரை.

நானே போய் அழைத்தேன். சோற்றை மூடிவைத்து அதுவரை சாப்பிடாமல் இருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மூன்று மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்களாக் குழாயடியில் அவள் செதில் உரசுவாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். போன வாரம் தலை நிமிராமலே கேட்டாள்.

"ரெண்டு பெட்டி வந்துச்சுல்லங்க, இதை எடுக்கச் சொன்னது யாரு?"

"தொரைதான்," என்றேன்.