பனிப்படி

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை. பள்ளித் தேவாலயத்தின் கற்படியெல்லாம் உறைபனி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பதினோரு பேரும் அதன்மேல் வெறுங்காலோடு நின்றார்கள். பள்ளி தொடங்கிய நாள்முதல் இருந்த தலைமையாசிரியர்கள் இருபத்தேழு பேரின் பெயரையும் ஒவ்வொருவனும் வரிசையாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. முடித்தவன்தான் இறங்கலாம்.

"முந்நூறு வருஷப் பழக்கம் சார். ஒரு வருஷம்கூட நின்னதில்ல," என்றார் இப்போதைய தலைமையாசிரியர் கெல்வே.

சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த பழைய மாணவர் ஹெஸ்கத்துக்குத்தான் உண்மை தெரியும். முந்நூறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அறுபத்திரண்டு வருஷம். இதைக் கட்டிவிட்டவரே அவர்தான். பதினேழு வயதில் மாணவர் தலைவனாக இருந்தபோது, டிரான்ட்டர் என்ற திக்குவாய்ப் பையனை அழவைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். "பழைய வழக்கம்டா, ஏறு மேல!" என்றார். பழையது என்று சொல்லிவிட்டால் போதும், அந்தப் பள்ளியில் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஆசிரியர்களே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். டிரான்ட்டர் ஒன்றேகால் மணி நேரம் படியில் நின்றான். அழவில்லை. கடைசியில் காற்சட்டையை நனைத்துக்கொண்டான். அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஹெஸ்கத்.

இன்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடுதான் கிளம்பி வந்திருந்தார். எழுதிய தாள் கோட்டுப் பையில் இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் டிரான்ட்டரே இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. தலை முழுக்க நரைத்து, மடியில் ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"வருஷா வருஷம் இவர்தான் பசங்களுக்குக் காலுறை கொண்டு வர்றார். அதுவும் இப்ப ஒரு வழக்கமாயிடுச்சு," என்று கெல்வே சிரித்தார்.

படியில் ஒரு பொடியன் பத்தொன்பதாவது பெயரில் மூன்றாம் முறையாக மாட்டிக்கொண்டான். பெற்றோர் கூட்டம் செல்லமாகச் சிரித்தது. ஹெஸ்கத்தைப் பேச அழைத்தார்கள். எழுந்து நின்று பைக்குள் கையை விட்டார். எதிரே இருநூறு முகங்கள், எல்லாவற்றிலும் மரியாதை. அந்த மரியாதையை இழக்க மனசு வரவில்லை.

"என் காலத்துலயே இது ரொம்பப் பழசு," என்றுதான் வாயில் வந்தது.

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் உட்கார்ந்தார். டிரான்ட்டர் மட்டும் கைதட்டவில்லை. காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உ... உன்னக் கூப்பிடச் சொன்னதே நான்தான், ஹெஸ்கத். நா... நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன்."

"டிரான்ட்டர், நான் வந்து..."

"நான் சொன்னா ய... யாரு நம்புவா? நீ சொல்லியிருந்தா நி... நிறுத்தியிருப்பாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் படியை நோக்கி நடந்தார். அங்கே அந்தப் பொடியன் மூக்கை உறிஞ்சிவிட்டு, முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.