துணைக்கு ஒரு ஆள் வரலாம்

எங்கள் கிடங்கில் மனிதவளத் துறை மேடம் "சும்மா அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கூப்பிட்டால், போனவர் திரும்பி வருவது தன் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகத்தான். ஆனால் மேடம் இதுவரை ஒருவரையும் வேலையைவிட்டு நீக்கியதில்லை. எல்லாரும் தாங்களாகவே மனமுவந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியொரு கைராசி அவருக்கு.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் நான் கொடுத்த புகார். ஆட்கள் டீ குடிக்க நழுவுகிறார்கள் என்று எங்கள் மேலாளர் அவசரக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். தீப்பிடித்தால் பார்சலோடு பார்சலாக நாங்களும் போய்ச் சேர வேண்டியதுதான். அதை எழுதிக் கொடுத்தேன். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தியே" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கே வேலை போய்விட்டது. என்னுடையதும் போனால் எங்கள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

பேச்சுவார்த்தைக்கு ஊழியர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கம்பெனி விதியிலேயே இருக்கிறது. எவரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் போட்ட விதி. நான் படித்துத் தொலைத்தேன். வக்கீல் வைக்க வக்கில்லை, கூடப்பிறந்த அண்ணன் இருக்கிறான். பெரிய ஹோட்டலில் சர்வர். வேலை முடிந்த கையோடு, போட்டிருந்த கறுப்புக் கோட்டும் பையில் ஆர்டர் எழுதும் பேடுமாக வந்து நின்றான்.

"உக்காருங்க. இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார் மேடம்.

"சந்தோஷம் மேடம். இது எங்க அண்ணன்."

மேடம் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். சிரிப்பு பாதியாகச் சுருங்கியது.

"நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் புகார வாபஸ் வாங்கிட்டா மனசு லேசாயிடும். இல்ல, நல்லா ரெஸ்ட் எடுக்கணும்னா நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. அதுதான் உங்களுக்கு மரியாதை."

ராஜினாமா எழுதப் பேனா எங்கே என்று என் கண் மேஜையைத் தேடியது. பயம்தான், வேறென்ன. அண்ணன் மட்டும் பழக்கதோஷத்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தான். மேடம் நிறுத்தியதும், சாப்பிட வந்தவர்களிடம் குனிகிற அதே பணிவோடு குனிந்தான்.

"ஒரு தடவ திருப்பிச் சொல்லிடறேன் மேடம். புகார் வாபஸ் ஒண்ணு. இல்லேன்னா ராஜினாமா ஒண்ணு, அவங்களே எழுதின மாதிரி. சரியா இருக்குங்களா?"

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"அப்போ ராஜினாமா வேண்டாங்களா?"

"வேண்டாம்."

பேடில் அந்த வரியை அடித்தான். "வாபஸ்?"

"அதுவும் வேண்டாம்."

அதையும் அடித்தான். "வேற ஏதாவது?"

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. "கதவு. பூட்ட எடுக்கணும்."

"பூட்டு எடுக்கறது ஒண்ணு" என்று எழுதிக்கொண்டான். "எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"இன்னைக்கே எடுத்துடுவாங்க" என்றவரிடம் பேடைத் திருப்பிப் பென்சிலை நீட்டினான்.

"கையெழுத்தெல்லாம் எதுக்கு வக்கீல் சார்?" என்று முனகிக்கொண்டே போட்டார்.

அண்ணனை அதுவரை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் பூட்டு போய்விட்டது. தொலைபேசியில் அதைச் சொல்லி, "மேடத்தையே மடக்கிட்டியேண்ணா!" என்று குதித்தேன். மறுமுனையில் அவன் சிரிக்கவில்லை.

"என்னையும் எங்க ஹோட்டல்ல வெள்ளிக்கிழம பேசக் கூப்பிட்டிருக்காங்க" என்றான். "வயசாயிடுச்சாம். நடை தளர்ந்து போச்சாம்."

"அதுக்கென்ன, அங்கயும் இதே மாதிரி கேளு."

"அங்க எனக்கு வாயே வராதும்மா. எங்க போடச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன்." பிறகு கேட்டான். "நீ துணைக்கு வர்றியா?"

எனக்கு அழுகை முட்டியது.

"எத்தன மணிக்குண்ணா?" என்றேன்.