பின்னால் நிற்பவரின் சூடு

எக்ஸ்ரேக்காரி முன்னால் வந்து நின்றால் அவள் கணவன் பார்ப்பவர் கண்ணுக்கு முழுதாக மறைந்துவிடுவான். அவன் முன்னால் நின்றால் அவள் மறைந்துவிடுவாள். வானாய்வு நிலையத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றையொன்று சுற்றிவந்து மாறி மாறி மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களைப் பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. அவள் எக்ஸ்ரே கதிரில் பார்ப்பாள், ரேடியோக்காரன் என்று பெயரெடுத்த அவன் ரேடியோ அலையில் பார்ப்பான். ஒரே நேரத்தில் பார்த்துச் சேர்த்துவைத்தால்தான் நட்சத்திரத்தைச் சுற்றிக் கொதிக்கும் ஒளிவட்டத்தின் கதை புரியும். அப்படிப் பார்த்து, கட்டுரையும் எழுதி முடித்தார்கள். யார் பெயர் முதலில் என்பதில்தான் வினை வந்தது. இருவருக்கும் பேச்சு நின்ற அன்றே இந்த மறைப்பும் தொடங்கியது. அவனுடைய அம்மா பாடுதான் திண்டாட்டம். "ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி உக்காருங்க, யாருக்குச் சோறு போட்டேன்னே தெரியல" என்பாள்.

பேச்சில்லாததால் அவள் பார்க்கும் நேரத்தில் அவன் பார்ப்பதில்லை, வேலையும் கெட்டது. கடைசியில் அவள் வேறு நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பெட்டியோடு கிளம்பினாள். அவன் வாசலை மறித்து நின்றான். அவள் முகம் சாந்தமாகத்தான் இருந்தது. கோபம் ஆறிவிட்டது என்றே நினைத்தான். அப்போது பால் பாக்கெட்டோடு தெருவிலிருந்து வந்த அம்மாவுக்கு மகன் முதுகு மட்டும் தெரிந்தது. மருமகளைக் காணோம். ஆனால் அவனைச் சுற்றி வட்டமாக ஒளி கொதித்தது, பாக்கெட்டிலேயே பால் பொங்கியது.

"அவ மூஞ்சியப் பாத்து ஏமாறாதடா, சுத்தி அனலடிக்குது" என்றாள்.

நட்சத்திரத்தின் மேனியைவிட அதைச் சுற்றிய வட்டம்தான் பல நூறு மடங்கு சூடு, மேனி மறைந்தாலும் வட்டம் வெளியே தெரியும் என்று கட்டுரையில் எழுதியவனே அவன்தான். ஊருக்குத்தான் உபதேசம். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"நீயே முன்னாடி நில்லு" என்றான்.

"கட்டுரையிலயும்தானே?"

"கட்டுரையிலயும்தான்."

அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்று மறைந்தான். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

கட்டுரை அவள் பெயர் முதலாக வந்தது. மறைப்பு மட்டும் நிற்கவே இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவள் மட்டும்தான் இருக்கிறாள், தோளைச் சுற்றி லேசான வெளிச்சத்தோடு. மகன் எங்கே என்று கேட்பவர்களிடம், "பின்னாடிதான் நிக்கிறான், தெரியலையா?" என்கிறாள் அம்மா. அந்தச் சுவரில் நல்ல சூடு என்று ஈரத்துணியை அங்கேதான் காயப்போடுகிறாள்.