ராதிகாவின் ரவுண்டப்

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் அன்னாசிப் பழத்தைப் பெட்டி கட்டிக் கீழே மண்டிக்கு அனுப்புகிற ஷெட் தனசேகரனுடையது. ஆனால் ஷெட்டுக்குள் நுழைகிற ஆட்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "அக்கா இல்லீங்களா?" என்றுதான்.

அக்கா என்றால் அவர் மனைவி ராதிகா. நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் வந்தவள். 2002 சீசனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி மேஜையில் வைத்தார்கள். யார் பழம் எத்தனை என்று அவள் எக்செல்லில் தட்டினால், எத்தனை பெட்டி வேண்டும் என்று பக்கத்திலேயே வந்துவிடும். அதற்கு முன்னால் தனசேகரன் மனக்கணக்காகச் சொல்லுவார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அக்கா போடறது தெரியல" என்று வளப்பூர் மாதேஸ்வரன் ஒரு நாள் சொல்லிவிட்டான். தனசேகரன் தள்ளி நின்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று கத்தினார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆடியில் ராதிகா அடிவாரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"பெட்டி எத்தனைன்னு அதுலயே இருக்குதுங்க. பாத்து மண்டிக்குப் போன்ல சொல்லீருங்க, போதும்."

அந்தப் 'போதும்' அவரைக் குத்தியது. அவள் பஸ் ஏறியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மொத்தம் நானூற்று முப்பது பழம். பெட்டிக்குப் பத்து. அப்படியானால் நாற்பத்து மூன்று பெட்டி. கீழே பார்த்தால் ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது.

மாட்டினாளா, என்று நினைத்தார். பல நாளாக இல்லாத சந்தோஷம் வந்தது.

ஒவ்வொரு பேராகப் பார்த்தார். அரியூர் பொன்னம்மாளுக்கு முப்பத்திரண்டு பழம். அதற்கு நாலு பெட்டி போட்டிருந்தது. ரெண்டு பழத்துக்குத் தனியாக ஒரு பெட்டியா? அந்தக் கட்டத்தைத் தொட்டால் மேலே ரவுண்டப் என்று ஒரு ஃபார்முலா. 'அப்'பை எடுத்துவிட்டு வெறும் ரவுண்ட் ஆக்கினார். நாலு மூன்றானது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த மாதிரியே, அஞ்சுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுகிறது. எல்லா வரியிலும் மாற்றினார். கீழே நாற்பத்து நாலு வந்தது. போன் போட்டு நாற்பத்து நாலு காலிப் பெட்டி அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலையில் லாரி பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. முதல் பஸ்ஸில் ராதிகாவும் வந்துவிட்டாள். பொன்னம்மாள் மூன்று பெட்டியையும் நிரப்பிவிட்டு, மிச்சம் ரெண்டு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத எதுலீங்க போடறது?"

"மாதேஸ்வரன் பெட்டில இடம் இருக்குதுல்ல? அதுல வெய்யுங்க" என்றார் தனசேகரன்.

"அதெப்படீங்க?" என்று மாதேஸ்வரன் பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றான். "எங்கூட்டுச் சேலைத்துணி கட்டுன பெட்டில அவிங்க பழமா? நாளைக்குப் புளிப்புன்னா எம்பேருதானுங்க கெடும்."

அவரவர் வீட்டுப் பழைய துணியைக் கிழித்துப் பெட்டியில் கட்டுவார்கள். துணியைப் பார்த்துத்தான் மண்டியில் இன்னார் பழம் என்று ஏலம் போகும். ஒருத்தர் பழம் இன்னொருத்தர் பெட்டிக்குள் போகாது. தனசேகரனுக்குத் தெரியாததா? இத்தனை வருஷமாகக் கூட நின்று துணி கட்டிவிட்டவரே அவர்தான். அவளை மடக்குகிற அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. எட்டுப் பேர் இப்படிப் பழத்தோடு நின்றார்கள்.

ராதிகா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். வெளியே வந்து, "நாந்தானுங்க தப்பாப் போட்டுட்டேன்" என்றாள்.

"உடு கண்ணு" என்றாள் பொன்னம்மாள். "நீயும் எத்தனையத்தான் பாப்ப. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது, காப்பித்தண்ணி குடிச்சியா?"

தனசேகரனால் தாங்க முடியவில்லை. தப்பையும் அவள் பெயரில் எழுதி, அதற்கும் ஒரு 'கண்ணு'வா?

"அவ இல்ல, நாந்தான் மாத்துனேன்" என்றார்.

மாதேஸ்வரன் சிரித்தான். "பொண்டாட்டியக் காப்பாத்த இப்படியா அண்ணா? அந்த மிசின ஆஃப் பண்ணவாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னம்மாள், "நல்ல மனுசன்" என்று வேறு சொன்னாள்.

"வந்து பாருங்கய்யா" என்று மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். பொன்னம்மாள் வரியில் 'அப்'பைச் சேர்த்தார். மூன்று நாலானது. "பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். கீழே ஐம்பத்திரண்டு வந்து நின்றது.

திரும்பினார். பின்னால் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வெளியே ராதிகாவைச் சுற்றி நின்றுகொண்டு, மிச்சப் பழத்தைச் சாக்கில் கட்டலாமா, கூடையில் வைக்கலாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.