இரண்டு பூட்டு மதகு

ஏரி எங்கள் நகராட்சிக்கும் மேற்கு நகராட்சிக்கும் பொது. ஒருவரை ஒருவர் நம்பாததால் மதகுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் மழை முடிந்ததும் இரு பக்கத்து அளவையாளர்களும் தண்ணீர் ஓரமாக நடந்து முளை அடிக்க வேண்டும். முளைக்கு உள்ளே பறவைகளுக்கு, வெளியே புது வீடுகளுக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் புதுக் கோடு. ஒருவர் மறுத்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும், பழைய கோடே நிற்கும்.

கிழக்குப் பக்கத்து அளவையாளர் நான். மேற்குப் பக்கத்து ஆளுக்கு நான் வைத்த பெயர் முத்திரை. ரப்பர் முத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். ஆறு வருஷமாக எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

இந்த முறை போய்ப் பார்த்தால் தண்ணீர் நூறடி உள்வாங்கியிருந்தது. நாணலுக்குள் முட்டையோடு இருந்த கூடுகள் வெறும் சேற்றில் நின்றன. சுற்றிலும் நாய்க் காலடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேறு இன்னும் வெடிக்கவே இல்ல, நத்தை உயிரோட ஊருது. ரெண்டு நாளைக்கு முன்னாடி யாரோ மதகைத் தொறந்து மூடியிருக்காங்க சார்."

"வெயில் அடிச்சா வத்தத்தான் செய்யும். முளையை அடிங்கம்மா."

"வெயிலுக்கு நூறடி வத்துமா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"தொறக்கணும்னா உங்க சாவியும் வேணுமே. அது யார்கிட்ட இருக்கு?"

என்னிடம்தான். என் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கும். காலையில்தான் எடுத்துக் கைப்பையில் போட்டேன். இந்த ஆள் கள்ளச்சாவி போட்டிருப்பான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவரை மதகுக்கு இழுத்துப்போனேன்.

எங்கள் பூட்டு துருப்பிடித்த பூட்டு. இரண்டு வருஷமாகக் கல்லால் நாலு தட்டு தட்டினால்தான் வாயைத் திறக்கும். அன்று சாவியைத் திருப்பியதும் சத்தமில்லாமல் திறந்தது. விரலில் மெல்லிய எண்ணெய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய்.

என் கணவர் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். வீட்டில் எது கிரீச்சிட்டாலும் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். மின்விசிறி, பீரோ கீல், என் கத்தரிக்கோல், எதையும் விட்டதில்லை. புது வீடுகளில் மூன்றாவது வரிசை மூலை வீட்டுக்கு ஆறு மாதமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். கோடு உள்ளே போனால்தான் மூன்றாவது வரிசையே வரும்.

அப்படியும் நம்ப மனசில்லாமல் அவருக்குப் போன் போட்டு, முத்திரை காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏங்க, மதகுப் பூட்டு இப்ப நல்லாத் தொறக்குதே."

"பின்ன? அநியாயத்துக்குத் துரு ஏறிக் கெடந்துச்சு. மூணு சொட்டு விட்டேன்." குரலில் அவ்வளவு பெருமை. "அந்த சாரோட பூட்டு அதைவிட மோசம். அவரே சாவியை நீட்டினாரு, அதுக்கும் விட்டுட்டேன்." சட்டென்று நிறுத்தினார். "ஆமா, நீ எங்கேருந்து பேசுற?"

போனை வைத்தேன். முத்திரை முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதிடாதீங்கம்மா. சாவியைக் கோட்டை விட்டது நீங்க. உங்க வேலையும் போயிடும்."

"போகட்டும். உங்க வேலையும் கூடவே போகும்ல, அது போதும்."

மதகுச் சுவரில் பதிவேட்டை வைத்துக் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அவர் தன் முத்திரையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக் கதவு சத்தமே போடாமல் திறந்தது. அதற்கும் எண்ணெய் விட்டிருந்தார். அந்தக் கதவை உடைத்துப்போட்டால் தேவலை என்று இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நமக்காகத்தானே செஞ்சேன்? ஒரு சொந்த வீடு வேண்டாமா?"

"என் சாவியத் திருடித்தான் அது வரணுமா?"

அவர் மெதுவாகக் கேட்டார்.

"என் பேரையும் எழுதிட்டியா?"

"மொதல்ல உங்க பேரைத்தான் எழுதினேன்."