வேலியோரத்தில் கிடந்த குட்டி

மான் என்றால் எனக்கு ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் காட்டை வெட்டி வீடுகள் கட்டியதிலிருந்து எங்கள் தெருவில் அவை வைத்ததுதான் சட்டம். நான் போட்ட அவரை, கீரை, ரோஜா மொட்டு என்று ஒன்று விடாமல் மேயும். விரட்டப் போனால் ஏதோ நான்தான் அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் நின்று பார்க்கும். நானும் "சனியனே" என்று துடைப்பத்தை எறிவேன்.

பக்கத்து வீடு என் அண்ணனுடையது. நடுவில் ஒரு செடிவேலிதான். அவருக்கு மான் என்றால் உயிர். பழம் நறுக்கி வைப்பார், படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். அவருக்கென்ன, வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தரை. தோட்டம் போட்டவளுக்கல்லவா வயிறு எரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டுக் கூடத்தில், துணிக்கூடைக்குள் ஒரு மான்குட்டி. பிறந்து நாலு நாள் இருந்தால் அதிகம். அண்ணனின் ஆறு வயது மகள் அதற்குப் பாட்டிலில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலியோரத்துல அநாதையா கிடந்துச்சு. பெத்தவ போட்டுட்டுப் போயிட்டா" என்றார் அண்ணன்.

பிறந்த குழந்தைகள் வார்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸ் நான். போட்டுவிட்டுப் போன குழந்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இதைத் தாய் நக்கிச் சுத்தமாக வைத்திருந்தது, வயிறும் நிறைந்திருந்தது. வனத்துறைக்குப் போன் போட்டேன். அண்ணன் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"போட்டுட்டுப் போகலைங்க. பகல்ல ஒளிச்சு வச்சுட்டு மேயப் போகும், பொழுது சாயறப்ப வந்து பால் குடுக்கும். எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. மாட்டுப்பால் குடுக்காதீங்க, வயித்தால போய் செத்துடும்" என்றார் அங்கிருந்தவர்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"நாய் கடிச்சா யாரு பதில் சொல்றது? நாளைக்கு வைக்கலாம். சாயந்தரம் பாப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் பாக்க வர்றாங்க."

"பாக்க வர்றதுக்கு இது என்ன பொருட்காட்சியா?"

"துடைப்பத்தால அடிக்கிறவ நீ. நீ எனக்குப் பாசத்தப் பத்திச் சொல்லாத."

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. கூடையோடு தூக்கி வேலியோரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனேன். என் ரோஷத்தால் அந்தக் குட்டிக்கு என்ன லாபம்?

இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு மறுநாள் மதியம் வந்தால், கூடை முழுக்கக் கழிச்சல். கழுத்து நிற்கவில்லை.

அண்ணி கதவோரமாக நின்றாள். "நேத்து பெரிய மான் வந்து வேலிகிட்டயே நின்னுச்சு. புள்ளைங்கள முட்டிடும்னு உங்கண்ணன் கைதட்டி விரட்டிட்டார்" என்றாள்.

பால் கட்டிய மடியோடு வந்தவளை விரட்டிவிட்டு, உள்ளே அவள் பிள்ளைக்குப் பாட்டில். குரங்கு கையில் பூமாலை கிடைத்தால்கூட இரண்டு நாள் தாங்கியிருக்கும். குட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் வேலியோரத்தில் கிடத்தி, தள்ளி உட்கார்ந்துகொண்டேன். தாய் வருவதற்குள் அது போய்விட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அண்ணனை நாலு கேள்வி கேட்டேன். அவர் பின்பக்கம், சிமெண்ட் தரைக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மகளிடம், "காட்டுல அவங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டார்.

தாய் தினமும் பொழுது சாய வந்தது. வேலியடியை முகர்ந்து முகர்ந்து பார்க்கும். மெல்லிசாக ஒரு சத்தம் போடும், பதிலுக்கு நிற்கும், மறுபடி போடும்.

நாலாம் நாள் சாயங்காலம் அண்ணன் என் வாசலுக்கு வந்தார். "அது உன் பக்கமாதான் வருது. கம்பிவேலி போட்டுடலாமா? சத்தம் கேக்க முடியல."

"கேளுங்க. நல்லா கேளுங்க" என்றேன்.

அதற்குள் அவர் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலியோரத்தில் நின்ற மானையே பார்த்தாள்.

"அத்தை, குட்டிதான் அம்மாகிட்ட போயிடுச்சே. அப்புறம் அது ஏன் இங்க வந்து தேடுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"எனக்குத் தெரியாதும்மா. உங்கப்பாதான கொண்டுபோய் விட்டாரு. அவரையே கேளு" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.