பாதி வளையத்தில் ஒரு கத்தரிக்காய்

உலகத்தின் முதல் நேர்மையான உடற்படம் தீவுத் தலைநகரான சுவாவில்தான் பிறக்கப்போகிறது என்று ஷாலேந்திரா அறிவித்தான். அப்போது ஆய்வகத்தில் இருந்தவை அவனும், கூடப் படிக்கும் ஜான்கியும், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கத்தரிக்காயும்.

சோதனையில் கத்தரிக்காய்தான் புற்றுக்கட்டி. முறைப்படி இறைச்சித் துண்டு வைக்கவேண்டும். ஜான்கிக்குத் தீமிதி விரதம், தொடமாட்டாள். ஆகவே உப்பில் ஊறிய கத்தரிக்காயை உருண்டையாகச் சீவி ஜெல்லிக்குள் புதைத்தார்கள். நுண்ணலை பட்டதும் அது இம்மி சூடாகி, இம்மி வீங்கி, காதுக்கு எட்டாத ஒலி எழுப்பும். சுற்றி வளையமாக நிற்கும் உணரிகள் கேட்கும். கேட்டதைக் கணினியில் பின்னோக்கி ஓட்டினால் அலைகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் படமாகும்.

வளையம் பாதிதான் இருந்தது. மீதியைக் கொண்டுவரவேண்டிய பேராசிரியர், இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி கேட்டு ஆக்லாந்திலேயே தங்கிவிட்டார். படத்தில் கத்தரிக்காய் ஒரு பக்கம் பிறை, மறுபக்கம் புகை.

நல்ல படம் மாலைக்குள் போனால்தான் பிரிஸ்பேனில் அவனுக்கு ஆராய்ச்சி இடம். கிடைத்ததாகவே வைத்துக்கொண்டு, சமபுலா வீட்டில் அம்மா பயணச் செலவுக்குச் சோபாவை விற்றுவிட்டாள். குடும்பமே பாயில் உட்கார்ந்து டிவி பார்க்கிறது.

"என் முறைல போடு ஷாலு," என்றாள் ஜான்கி. "ஓரம் கூர்மை, உள்ளே ஒரே சீருன்னு கம்ப்யூட்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடு. அது ஒரு படத்தை ஊகிக்கும். அந்தப் படம் போடற சத்தத்தை நம்ம கேட்டதோட ஒத்துப் பாத்துத் திருத்திக்கிட்டே போகும்."

"அரே, கேக்காத சத்தத்துக்குப் படமா? அது ஜோசியம்!"

"சீட்டு கிடைச்சாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொன்னது?"

"அது நம்பிக்கை."

"அப்ப அது மேலயே உக்காரு. எனக்கு நவுசோரி பஸ். செக்பாயிண்ட்ல பையை வேற கொட்டிப் பாப்பானுங்க."

அவள் போனபின் மறுபடி மறுபடி ஓட்டினான். அதே புகை. எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், தொட்டியை முறைத்தான். போன் அடித்தது.

"அனுப்பிட்டியாடா? கட்டிலைக் கேட்டு ஆள் வந்திருக்கு."

"இரும்மா. கட்டிலைக் குடுத்துடாத."

கட்டடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்தினான். ஜான்கியின் நிரலைத் திறந்து, ஓரம் கூர்மை என்று கணினிக்குச் சொன்னான். சுற்றுக்குச் சுற்று புகை ஒதுங்கி விளிம்பாயிற்று. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டான். பிறகு மின்னஞ்சலில் படத்தை இணைத்து, செய்முறைக்கு நேரே ஜான்கியின் பெயரை எழுதி அனுப்பினான்.